நிலக்கரிப் பாறைகளில் உறையும் நீர்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கல்வியைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் முன்னேற்றத்தைப் பற்றியும் பேசுவதற்கு இம்மேடையில் நம்மினும் வல்லார் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ பாறைக்கு அடியில் கிடக்கும் நீர். வெள்ளி விழாவில் இதனைப் பேசுவானேன் என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் தவறன்று. ஆயினும் ஒரு செய்தியை முதலில் நினைவூட்ட விரும்புகிறோம். 1975 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27 ஆம் நாள், அன்றைய பீகார் மாநிலத்துத் தன்பாத் நகருக்கு அருகே, சாஸ்நாலா என்னும் நிலக்கரிச் சுரங்கத்துள் நீர் புகுந்தது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்தோரில் முந்நூற்று எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைக் கொன்றது கரியன்று, தீயன்று, நச்சுக் காற்றுமன்று, நீர். அந்நீர் எங்கே இருந்தது, எவ்வளவு இருந்தது, அதற்கும் வேலை நடந்த இடத்திற்கும் இடையே எத்தனை அடிக் கரி நின்றது என்னும் மூன்று செய்திகளும் ஆராய்ந்து அறியத்தக்கவையே. அறிந்திருக்க வேண்டியவர்கள் அறியவில்லை. உள்ளே இறங்கியவர்களுக்கோ அறிவதற்கு வழியே இருந்ததில்லை. இவ்விரண்டாவது கூட்டத்தாரை மனத்திற்கொண்டே இவ்வுரையைத் தொடங்குகிறோம்.

தாமோதர் ஆற்றின் பள்ளத்தாக்கில் இரண்டு பெரிய கரி வயல்கள் அடுத்தடுத்து உள்ளன. கிழக்கே மேற்கு வங்கத்தில் இருப்பது ராணிகஞ்ச். இந்தியாவில் நிலக்கரியை வாணிகத்திற்கென முதன்முதல் வெட்டியது அங்கேதான், ஆண்டு 1774. மேற்கே, இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் இருப்பது ஜரியா. அங்கு 1890களில் வேலை தொடங்கியது. ஜரியாவின் பரப்பு ஏறத்தாழ 450 சதுரக் கிலோமீட்டர். பரப்பு சிறிதாயினும், இரும்பை உருக்குவதற்கு வேண்டிய உயர்ந்த வகைக் கரி நம் நாட்டில் மிகுதியாகக் கிடைப்பது இங்கேதான்.

இவ்வயல்களில் கரியை வெட்டியவர் யாவர்? தொடக்கக் காலத்தில் பௌரி, புய்யான் முதலிய தாழ்த்தப்பட்ட மக்களும் சந்தால் பழங்குடியினருமே பெரும்பான்மையராக இருந்தனர். 'மால்கட்டா' எனப்பட்ட கரிவெட்டி கோடரியால் வெட்டுவான். அவன் மனைவி கூடையில் வாரிச் சுமப்பாள். பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வது 1929 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1937 இல் அறவே தடுக்கப்பட்டது. போர்க்காலத்தில் 1943 இல் அத்தடை தளர்த்தப்பட்டு, 1946 இல் மீண்டும் வந்தது. எழுத்தறிவும் சான்றிதழும் வேண்டிய சர்தார், ஓவர்மேன், அளவர் ஆகிய பதவிகள் மால்கட்டாக்களுக்கு நெடுங்காலம் எட்டாமலே இருந்தன. சுரங்கத்தின் வரைபடம் அளவரின் அறையில் இருந்தது. கரிவெட்டி அதனைக் கண்ணால் கண்டதில்லை.

இனி, நீருக்கு வருவோம். நிலத்துக்கு அடியில் ஆறுகள் ஓடுகின்றன, ஏரிகள் கிடக்கின்றன என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று. நீர் பாறையின் துகள்களுக்கு இடையிலும் பாறையின் வெடிப்புகளிலும் ஊறிக் கிடக்கிறது. கரி வயலில் பாறைகள் பல அடுக்குகளாக உள்ளன. மணற்பாறை, அதன்மேல் களிப்பாறை, அதன்மேல் கரி, மீண்டும் மணற்பாறை என்று, பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி வைத்தாற்போல் அவை அமைந்திருக்கின்றன. இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையவை இவை. ஜரியாவில் இவ்வடுக்குகளில் முதன்மையானதைப் பராக்கர் தொகுதி என்பர். பராக்கர் என்பது தாமோதரில் கலக்கும் ஓர் ஆற்றின் பெயர். இத்தொகுதியில் மட்டும் 18 முதன்மைக் கரிப்படிவங்களைக் கீழிருந்து மேலாக எண்ணிட்டு வழங்குகின்றனர். இரண்டு கரிப்படிவங்களுக்கு இடையே வருவது பெரும்பாலும் மணற்பாறை. அங்கேதான் நீர் உறைகிறது.

ஆற்றுமணலைப் போல் இம்மணற்பாறை நீரை வாரி வழங்கும் என்று கருதிவிடக் கூடாது. மணல் துகள்களைக் காரைபோன்ற பொருள்கள் இறுகப் பிணைத்திருக்கின்றன. ஆகவே துகள்களின் இடுக்கில் தங்கும் நீர் குறைவு. வெடிப்புகளின் வழியாக ஓடும் நீரே மிகுதி. வெடிப்பு உள்ள இடத்தில் துளையிட்டால் நீர் பெருகும். பத்து மீட்டர் தள்ளித் துளையிட்டால் வறண்டு கிடக்கும். கரியிலும் இயற்கையாகவே நெருக்கமான கீற்றுகள் உண்டு. வெட்டுவோர் அக்கீற்றின் போக்கை அறிந்தே கோடரியை வைப்பர். அக்கீற்றுகளின் வழியே நீரும் நடமாடும். களிப்பாறையோ நீரை எளிதில் விடாது. அது மூடிபோல் அமைந்து, மேலடுக்கின் நீரையும் கீழடுக்கின் நீரையும் பிரித்து வைக்கிறது.

ஆதலால் கரி வயலில் நிலத்தடி நீர் என்பது ஒரே நீரன்று. மேலே, வானிலைத் தாக்கத்தால் நைந்து தளர்ந்த மண்ணிலும் பாறையிலும் மழைநீர் நேரே இறங்கித் தங்குகிறது. ஊர்க் கிணறுகள் எல்லாம் இந்நீரையே நம்பியுள்ளன. அதன் கீழே, களிப்பாறை மூடியின் அடியில், அழுத்தத்துடன் அடைபட்ட நீர் வேறு இருக்கிறது. மூடியைத் துளைத்தால் அது தன் அடுக்கைவிட்டு மேலே ஏறி நிற்கும். இவ்விரண்டையும் ஒன்றென்று கொள்வதால் விளையும் குழப்பம் சிறிதன்று. கிணற்றில் நீர் இருக்கிறது, ஆகவே சுரங்கத்தால் தீங்கில்லை என்பாரும் உளர். சுரங்கத்தில் நீர் கொட்டுகிறது, ஆகவே கிணறு வற்றியே தீரும் என்பாரும் உளர். மூடி முழுமையாக இருக்கும்வரை இரண்டு கூற்றுமே பொருந்தாமற் போகலாம்.

வேறொரு தொல்லையும் உண்டு. பூமியின் அசைவால் இவ்வடுக்குகள் பல இடங்களில் முறிந்து, ஒரு பக்கம் இறங்கியும் மறு பக்கம் உயர்ந்தும் நிற்கின்றன. அம்முறிவு சில இடங்களில் நீருக்கு வாய்க்காலாகிறது. சில இடங்களில் களி அடைத்துக்கொண்டு அணையாகிறது. இவையன்றி, உருகிய பாறைக் குழம்பு அடியிலிருந்து எழுந்து, அடுக்குகளைச் செங்குத்தாகக் கிழித்துக்கொண்டு உறைந்த சுவர்களும் ஜரியாவில் பலவாக உள்ளன. சுவரின் ஒரு பக்கத்தில் நீர் தேங்கி உயர்ந்து நிற்க, மறு பக்கம் ஏறத்தாழ உலர்ந்து கிடப்பதுண்டு. உலர்ந்த பக்கத்திலிருந்து சுவரைக் குடைந்து செல்வோர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

சுரங்கம் வெட்டுவது நிலத்தடி நீரை என்ன செய்கிறது? உழவர் குடியில் பிறந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. ஒரு கிணற்றில் இடைவிடாது இறைத்தால் பக்கத்துக் கிணறுகளில் நீர் இறங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சுரங்கமும் ஒரு கிணறுதான். ஆனால் பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கிளைவிட்ட கிணறு. அதற்குள் ஊறும் நீரை இரவும் பகலும் பம்பு வைத்து வெளியேற்றாவிட்டால் வேலை நடவாது. வெளிவரும் கரியின் எடையைப்போல் பன்மடங்கு எடையுள்ள நீரை வெளியேற்றும் சுரங்கங்களும் உண்டு. தன்பாத் வட்டாரத்தில் ஆண்டு மழை சராசரியாக 1,200 மில்லிமீட்டருக்குக் குறையாது. அதன் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிறது. ஆழம் குறைந்த சுரங்கங்களில் மழை தொடங்கிய சில நாட்களுக்குள்ளாகவே ஊற்று மிகுவதைப் பம்புக்காரர் அறிவர்.

நிலத்தடிச் சுரங்கத்தில் கரியை இரண்டு கட்டமாக எடுப்பது பழைய முறை. முதலில் தெருக்களைப்போல் குறுக்கும் நெடுக்குமாக வழி வெட்டி, இடையே கரித்தூண்களை விட்டுவைப்பர். தூண்கள் கூரையைத் தாங்கும். பிறகு, பின்வாங்கிக்கொண்டே அத்தூண்களையும் வெட்டி எடுப்பர். அப்போது கூரை இடிந்து விழும். இடிவது கரிக்கு உடனடியாக மேலுள்ள பாறை மட்டுமன்று. அதற்கு மேலே ஓர் உயரம் வரை பாறை வெடிப்பு விடும். அதற்கும் மேலே அடுக்குகள் முறியாமல் வளைந்து தொய்யும். நிலத்தின் மேற்பரப்பும் தாழும். வெடிப்பு விட்ட பகுதி களிப்பாறை மூடியை எட்டிவிட்டால், அதுவரை தனித்தனியாக இருந்த நீரடுக்குகள் ஒன்றாகிவிடுகின்றன. மேல்நீர் சுரங்கத்துக்கு வழி கண்டுகொள்கிறது. கிணறு வற்றுவது பெரும்பாலும் இக்கட்டத்திலேதான். தாழ்ந்த நிலத்தின் விளிம்பில் தோன்றும் பிளவுகள் ஓடை நீரையும் உள்ளே இழுப்பதுண்டு.

பம்பு நிற்கும் நாள் ஒன்று வருகிறது. கரி தீர்ந்ததும் சுரங்கத்தைக் கைவிடுவர். நீர் தன் பழைய இடத்தைத் தேடி ஏறத் தொடங்கும். ஆனால் முன்பு வெடிப்புகளில் மட்டும் ஊறிக்கிடந்த நீருக்கு இப்போது பெரிய பெரிய அறைகள் கிடைத்துவிட்டன. கோலார் தங்கவயலில் பாடுபட்ட தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தோர் இவ்வவையில் இருப்பின் இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2001 இல் அச்சுரங்கங்கள் மூடப்பட்ட பின் அங்கும் நீர் நிறைந்தது. கரி வயலில் இஃது இன்னும் கொடிதாவது எதனால் எனில், கைவிட்ட சுரங்கத்தின் பக்கத்திலும் கீழேயும் வேறொரு சுரங்கம் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

சிறு கணக்கொன்றைச் சொல்கிறோம், மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஒரு எக்டேர் பரப்பில், இரண்டு மீட்டர் தடித்த கரிப்படிவத்தில், பாதிக் கரியை எடுத்துவிட்டதாகக் கொள்வோம். வெற்றிடம் 10,000 கன மீட்டர். அதில் நிறையும் நீர் ஒரு கோடி லிட்டர். இது ஒரே எக்டேருக்கு. பழைய சுரங்கங்களோ பல நூறு எக்டேர் பரந்து கிடக்கின்றன. இனி அழுத்தத்தைப் பார்ப்போம். நீரின் உயரம் பத்து மீட்டர் கூடுந்தோறும் ஒரு சதுர மீட்டர் சுவரின்மேல் பத்து டன் சுமை ஏறும். அறுபது மீட்டர் உயரம் நீர் நின்றால் அறுபது டன். நான்கு மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உடைய ஒரு சுரங்க வழியின் முகப்புப் பத்துச் சதுர மீட்டர். அதன்மேல் மொத்தச் சுமை அறுநூறு டன். பத்து டன் ஏற்றிய லாரிகள் அறுபது ஒருசேர அச்சுவரின்மேல் சாய்ந்தாற்போலக் கொள்ளுங்கள். இதில் வியப்பு யாதெனில், நீரின் அளவு இவ்வழுத்தத்தைத் தீர்மானிப்பதில்லை, உயரமே தீர்மானிக்கிறது. ஓர் ஒடுங்கிய பழைய குழியில் நீர் நிறைந்திருந்தாலும் போதும்.

இவ்வழுத்தத்தைத் தாங்கி நிற்பது இடையே விட்டுவைத்த கரிச்சுவர் ஒன்றே. அது எத்தனை மீட்டர் தடித்தது என்பதை வரைபடம் சொல்ல வேண்டும். வரைபடம் பொய்த்தால்? சாஸ்நாலாவில் பழைய தோண்டல்களில் தேங்கிக் கிடந்த நீர் இடைத்தடுப்பை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. அந்நீரை வெளியேற்ற வெளிநாடுகளிலிருந்தும் பம்புகளைத் தருவிக்க நேர்ந்தது. உடல்களை மீட்கவே வாரங்கள் ஆயின. நான்காண்டு கழித்து, 1979 இல் 'காலா பத்தர்' என்னும் இந்தித் திரைப்படம் இவ்விபத்தைத் தழுவி வந்தது. பலருக்குச் சாஸ்நாலாவின் பெயர் தெரியாது, படத்தின் பெயர் தெரியும். அதே ஜரியா வயலில் 2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 2 ஆம் நாள் பாக்டிகிச் சுரங்கத்தில், பக்கத்துச் சுரங்கத்தின் பழைய தோண்டல்களில் நின்ற நீர் புகுந்து 29 பேர் இறந்தனர். இருபத்தைந்து ஆண்டு இடைவெளி. காரணம் மட்டும் மாறவில்லை.

பழைய வரைபடங்கள் பிழையாயிருப்பதற்குக் காரணம் உண்டு. 1971 முதல் 1973 வரை நாட்டுடைமையாக்கப்படும் முன்னர் இவ்வயல்கள் நூற்றுக்கணக்கான சிறு முதலாளிகளின் கையில் துண்டு துண்டாக இருந்தன. எல்லையைத் தாண்டிப் பக்கத்தான் கரியை வெட்டியவன் அதனை வரைபடத்தில் காட்டுவானா? வேலையைக் கைவிட்டுப் போனவன் கடைசி நாள் வரை அளந்து குறித்து வைப்பானா? சட்டப்படி கைவிட்ட சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது உண்மைதான். சட்டத்துக்கு முந்திய தோண்டல்களுக்கு வரைபடமே இல்லை. மேலும், நாம் முன்னர்ச் சொன்ன முறிவுகளும் பாறைச் சுவர்களும் அளவையை ஏமாற்றக் கூடியவை; சாய்வான படிவத்தில் சிறு கோணப் பிழை நூறு மீட்டர் தொலைவில் பெரும் பிழையாகும்.

இதனை உணர்ந்தே 1957 ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க விதிகள் ஓர் எல்லை வகுத்தன. நீர் இருக்கக்கூடிய பழைய தோண்டலுக்கு 60 மீட்டருக்குள் செல்வதாயின் எழுத்து வடிவில் முன்னனுமதி பெற வேண்டும். வெட்டும் முகத்துக்கு முன்னாலும் பக்கவாட்டிலும் துளையிட்டுப் பார்த்துக்கொண்டே நகர வேண்டும். 2017 இல் வந்த புதிய விதிகளும் இவ்வெல்லையைக் கைவிடவில்லை. இவற்றினும் நமக்கு இன்றியமையாததாகத் தோன்றுவது மற்றொரு விதி. படிவத்துக்கு இயல்பில்லாத கசிவு காணப்பட்டால் அவ்விடத்தில் வேலையை உடனே நிறுத்த வேண்டும் என்பது அது. இயல்பான கசிவு எது, இயல்பில்லாத கசிவு எது என்பதை யார் முதலில் காண்பார்? அறையில் இருக்கும் மேலாளர் அல்லர். கரி முகத்தில் நிற்பவரே.

அவர் எதனைக் காண வேண்டும்? பாறைநீர் பொதுவாகத் தெளிந்திருக்கும். நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் சொட்டும். மழைக்குப் பின் மெல்லக் கூடி, கோடையில் மெல்லக் குறையும். பழைய தோண்டலில் தேங்கிய நீர் வேறு வகை. அது துருநிறம் கொண்டிருக்கலாம். அழுகிய முட்டைபோல் நாறலாம். முன்பு உலர்ந்திருந்த கரி முகம் வியர்ப்பதுபோல் நனையும். கீற்றுகளின் வழியே நீர் சீறும் ஓசை கேட்கும். துளையிட்ட கோலைப் பின்னிழுக்கும்போது நீர் பீறிட்டு வரும். இக்குறிகள் எல்லா இடத்திலும் எல்லாமும் தோன்றா. ஒன்று தோன்றினாலே நிறுத்தத்தக்கது. இவ்வறிவைப் பெறப் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் நிறுத்தச் சொல்லும்போது கேட்கப்படும் நிலை வேண்டும். கூலிக்காரன் சொல்லுக்கும் சான்றிதழ் பெற்றவன் சொல்லுக்கும் சுரங்கத்தில் எடை வேறு. சுரங்க விதிகளில் தொழிலாளர் தரப்பு ஆய்வாளர் என்னும் பதவி இடம்பெற்றபோது, அதற்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்றே விதித்தனர். அது முறையே, ஆனால் நூறாண்டு காலம் கோடரி மட்டுமே பிடித்த குடும்பங்களின் பிள்ளைகள் அச்சான்றிதழ்த் தேர்வுக்குச் செல்லும் வழியை யார் காட்டினர்?

அறிவு உரிய இடத்தில் இருந்தால் உயிர் பிழைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1989 நவம்பர் 13 ஆம் நாள் ராணிகஞ்ச் வயலின் மகாபீர் சுரங்கத்தில் பழைய தோண்டலின் நீர் உடைத்துக்கொண்டு வந்தது. 71 பேர் உள்ளே சிக்கினர். அறுவர் மூழ்கி இறந்தனர். எஞ்சிய 65 பேர் மேடான ஒரு பகுதியில் ஒதுங்கியிருந்தனர். மேலிருந்து அவ்விடத்துக்கு நேரே துளையிட்டு, ஓர் ஆள் நிற்கக்கூடிய இரும்புக் கூண்டினை இறக்கி, பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் தாமே அதில் இறங்கி, அவர்களை ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். அவருடைய துணிவை நாடு போற்றியது. 1991 இல் உயிர்காத்தோர்க்கான உயர்ந்த பதக்கத்தையும் வழங்கியது. நாம் இங்கே சுட்ட விரும்புவது வேறொன்று. நீர் எந்த மட்டம் வரை ஏறும், எந்த மேடு மூழ்காது, அதற்கு நேர்மேலே தரையில் எவ்விடத்தில் துளையிட வேண்டும் என்பனவெல்லாம் வரைபடத்தைக் கொண்டு கணித்தவை. சாஸ்நாலாவில் உயிரைக் காக்கத் தவறிய அதே கலை, மகாபீரில் உயிரைக் காத்தது.

ஆற்று நீர் நேரே புகுவதும் உண்டு. 1995 செப்டம்பர்த் திங்களில் பெருமழையில் கத்ரி ஆறு பெருகி, ஜரியாவின் கஸ்லிடாண்ட் சுரங்கத்தில் 64 பேரைப் பலிகொண்டது. மேகாலயத்தின் கிழக்கு ஜயந்தியா மலையில் நடப்பது இன்னும் துயரமானது. அங்கே வரைபடமும் இல்லை, தூணும் இல்லை. ஆள் தவழ்ந்து செல்லும் எலிவளைகளே சுரங்கம். 2014 இல் பசுமைத் தீர்ப்பாயம் அவற்றைத் தடைசெய்தது. தடைக்குப் பின்னும் வெட்டினர். 2018 டிசம்பர் 13 இல் க்சான் என்னுமிடத்தில், லைட்டெயின் ஆற்றுக்கு அருகே, ஒரு வளையில் நீர் புகுந்து குறைந்தது பதினைவர் மாண்டனர். கடற்படை முக்குளிப்போரும் பெரும் பம்புகளும் சென்றும் பெரும்பாலோர் உடல்கள் மீட்கப்படவில்லை. பக்கத்து வளைகள் எவையெவை எங்கெங்கே இணைகின்றன என்பதே யாருக்கும் தெரியாதபோது, எந்த வளையை இறைப்பது?

நம் நெய்வேலியைப் பற்றி ஒரு சொல் சொல்லாமற் போனால் நீங்கள் கேட்பீர்கள். அது திறந்தவெளிச் சுரங்கம். கரியும் பழுப்பு நிலக்கரி. அங்கே நீர் மேலிருந்து கொட்டுவதைவிடக் கீழிருந்து முட்டுவதே பெருந்தொல்லை. கரிக்கு அடியிலுள்ள மணலடுக்கில் அடைபட்ட நீரின் அழுத்தத்தைப் பம்புகளால் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தளம் பொங்கி உடையாமல் நிற்கும். நிலத்தடிச் சுரங்கத்துக்கும் அதற்கும் வேறுபாடு பல; ஆயினும் அடைபட்ட நீர் என்னும் கருத்தை விளங்கிக்கொள்ள நமக்கு அண்மையிலுள்ள பாடம் அதுவே.

சுரங்கத்துக்குள் இறங்குவோரைப் பற்றி இதுவரை பேசினோம். மேலே குடியிருப்போரைப் பற்றியும் பேச வேண்டும். நிலத்தடி நீர்மட்டம் தாழும்போது முதலில் வற்றுவது ஆழம் குறைந்த கிணறு. ஆழம் குறைந்த கிணறு யாருடையது? பணமுள்ளவர் கிணற்றைத் தூர்த்து ஆழப்படுத்துவர், ஆழ்துளை இறக்குவர். ஊருக்கு வெளியே தனிக்கிணறு வைத்துக்கொள்ளும்படி விடப்பட்ட மக்களுக்கு அவ்வாய்ப்பு அரிது. ஒரே நீர்மட்டந்தான் தாழ்கிறது. ஆனால் தாகம் ஒரே நாளில் எல்லார்க்கும் வருவதில்லை. கிணறு வற்றிய பின் சுரங்கத்தின் பம்பு நீரே குடிநீராகிறது. கரியோடு கலந்துள்ள கந்தகப் பொருள் காற்றும் நீரும் பட்டு மாறுவதால் அந்நீரில் உப்புகள் மிகும். தாமோதர் பள்ளத்தாக்கில் அது பெரும்பாலும் கடினநீராக இருக்கிறது. கந்தகம் மிகுந்த மேகாலயக் கரியிலோ புளித்த அமில நீராகி ஆற்று மீன்களையே கொல்கிறது. தக்கவாறு தூய்மை செய்தால் சுரங்க நீர் பயன்படக்கூடியதே. செய்கின்றனரா என்று கேட்பதற்கு, நீரில் எதனைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கிணறு வற்றியவர் முறையிடும்போது வழக்கமாகக் கிடைக்கும் மறுமொழி, மழை பொய்த்தது என்பதே. அது சில ஆண்டுகளில் உண்மையாகவும் இருக்கும். பொய்யா மெய்யா என்று தீர்க்க ஒரே வழி, முந்தைய ஆண்டுகளில் நீர்மட்டம் எங்கே நின்றது என்னும் குறிப்பு. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தான் தெரிந்தெடுத்த கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. அவற்றுள் நம் தெருக் கிணறு ஒன்று இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அளப்பதற்கு வேண்டியன ஒரு கயிறு, ஒரு கற்குண்டு, ஒரு குறிப்பேடு. மழைக்கு முன்னே மே திங்களில் ஒரு முறை, மழைக்குப் பின்னே நவம்பரில் ஒரு முறை, கிணற்று விளிம்பில் ஒரே இடத்திலிருந்து அளக்க வேண்டும். மழையளவையும் பக்கத்தில் எழுத வேண்டும். பத்தாண்டு அவ்வாறு எழுதினால், மழை நன்கு பெய்தும் நீர் ஏறாத ஆண்டு எதுவென்று ஏடே சொல்லும். அவ்வாண்டில் சுரங்கத்தில் எந்தப் பகுதியின் தூண்களை எடுத்தனர் என்று அப்போது கேட்கலாம். எட்டாம் வகுப்பு மாணவி செய்யக்கூடிய வேலை இது.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக அவையில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தார் என்பதை நீங்கள் அறிவீர்கள். அத்துறையின் கீழேயே சுரங்கத் தொழிலாளரும் வந்தனர். 1943 டிசம்பரில் அவர் தன்பாத் வட்டாரக் கரி வயலுக்குச் சென்று, சுரங்கத்துக்குள் தாமே இறங்கிப் பார்த்தார். மறு மாதமே நிலக்கரித் தொழிலாளர் நலநிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. அதே 1943 இல் தாமோதரில் பெருவெள்ளம். அவ்வாற்றின் வெள்ளத்தை அடக்கிப் பாசனமும் மின்சாரமும் பெறும் திட்டத்துக்கான கலந்தாய்வுகளையும் அவர் துறையே முன்னின்று நடத்தியது; 1948 இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவாயிற்று. ஆற்றையும் கரியையும் தொழிலாளியையும் தனித்தனிக் கோப்புகளாகப் பிரிக்காமல் பார்த்த பார்வை அது. அவரைப் பற்றிய நம் மேடைப் பேச்சுகளில் இப்பகுதி ஏனோ அருகியே வருகிறது.

நேரம் கடந்துவிட்டது, அவைத்தலைவர் மணியைத் தொடுவதையும் காண்கிறோம். இம்மண்டபத்தின் பக்கச் சுவரில் கரி வயலின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை எழுதி மாட்டியிருக்கிறோம். அளவு, ஆயிரத்துக்கு ஒன்று. கரிக்குக் கறுப்பும், மணற்பாறைக்கு மஞ்சளும், களிப்பாறைக்குச் சாம்பலும், நீருக்கு நீலமும் தீட்டியுள்ளோம். பழைய தோண்டல் ஒன்றையும் அதற்குக் கீழே புதிய வழி ஒன்றையும் காட்டியுள்ளோம். இடைத்தடுப்பின் தடிமனை மட்டும் எழுதாமல் விட்டுள்ளோம். உணவு இடைவேளையில் மாணவ மாணவியர் ஓர் அடிக்கோலோடு வந்து அதனை அளந்து, நீரின் உயரத்தையும் கணக்கிட்டு, அவ்வழியில் மேலும் வெட்டலாமா கூடாதா என்று எழுதித் தருக. தாள்களை ஆசிரியர்களிடம் கொடுத்துவைத்துள்ளோம்.